சத்திரத்து உபாத்தியாயரும் பள்ளி ஆலோசகரும்: தஞ்சை நாட்டுச் சரித்திரத்திலிருந்து

நீடாமங்கலம் பயணிகளின் ஊர். தஞ்சையிலிருந்து திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் செல்லும் இருப்புப்பாதையில் மன்னார்குடிக்குக் கிளை பிரியும் சந்திப்பு அது. ஊரை அடுத்த மூணாறு தலைப்பில் வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிந்து வயல்களை நோக்கிச் செல்கின்றன. இருப்புப்பாதை வருவதற்கு நெடுங்காலம் முன்னரே வழிநடையாக வருவோர்க்கென இங்கே ஒரு சத்திரம் இருந்தது. மராட்டிய மன்னர் பிரதாபசிங் (ஆட்சி 1739–1763) காலத்தோடு இணைத்துப் பேசப்படும் அச்சத்திரத்திற்கு யமுனாம்பாள் சத்திரம் என்று பெயர். ஊருக்கும் யமுனாம்பாள்புரம் என்ற பெயர் வழங்கியதுண்டு.

பள்ளி மாணவர்க்கு ஆலோசனை கூறும் பணியைப்பற்றி எழுதப் புகுந்த நாம் ஒரு சத்திரத்திலிருந்து தொடங்குவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. இப்பணி மேல்நாட்டு உளவியலோடு அண்மையில் நம்மிடம் வந்து சேர்ந்த புதுமை என்றும், ஆகவே வசதியிருந்தால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் விட்டுவிடலாம் என்றும் நம் பள்ளித் தாளாளர்களிடையே ஓர் எண்ணம் நிலவுகிறது. சரித்திரம் அவ்வெண்ணத்திற்கு இடந்தரவில்லை. காவிரி நாட்டில் பிள்ளையின் துயரைக் கேட்பதற்கென்று ஒருவரை நியமிக்கும் வழக்கம் பழையது. அவர் எந்த நிலைமைகளில் அதைச் செய்ய முடிந்தது, எந்த நிலைமைகளில் முடியாமற் போயிற்று என்பதே நாம் ஆராய வேண்டிய வினா.

1801-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, கம்பெனியின் ரெசிடெண்ட்டுக்குச் சத்திரங்களைக் குறித்து ஒரு நீண்ட கடிதம் எழுதினார். 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி கம்பெனியிடம் போய்விட்டது. மன்னரிடம் எஞ்சியவை கோட்டையும் சில உரிமைகளுமே. சத்திரத் தருமங்களும் கைவிட்டுப் போகுமோ என்ற அச்சத்தில் எழுந்த கடிதம் அது. எனவே ஒரு வழக்கறிஞரின் வாதத்தை வாசிப்பதுபோல் அதைச் சற்று எச்சரிக்கையோடுதான் வாசித்தல் வேண்டும். ஆயினும் அதிலுள்ள ஒரு பகுதி நம் பொருளுக்கு மிகவும் உரியது. சத்திரத்தில் தங்கிய பரதேசிகள் அங்கேயே மரித்துவிட்டால், அநாதைகளாக விடப்பட்ட அவர்களுடைய பிள்ளைகள் சத்திரத்து உபாத்தியாயரின் பொறுப்பில் ஒப்புவிக்கப்பட்டனர் என்று மன்னர் கூறுகிறார். நாளொன்றுக்கு மூன்று வேளை சோறு, நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு, நோயுற்றால் மருந்து, உடுக்கத் துணி ஆகியவை அவர்களுக்கு உண்டு. அவர்கள் எந்த வித்தையில் நாட்டங் காட்டுகிறார்களோ அந்த வித்தையே கற்பிக்கப்படும். கற்றுத் தேறியபின் மணஞ்செய்து வைக்கும் செலவையும் சத்திரமே ஏற்கும்.

இவற்றுள் நாம் நின்று நோக்கவேண்டியது, பிள்ளையின் நாட்டம் கேட்கப்பட்டது என்னும் குறிப்பேயாகும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பார் தொழில் வழிகாட்டும் நிலையத்தை 1908-இல் தொடங்கினார். பள்ளி ஆலோசனைப் பணியின் தொடக்கமாகப் பாடநூல்கள் கூறுவது அதனையே. இளைஞனின் நாட்டத்தை அறிந்து வழிகாட்டுதல் அந்நிலையத்தின் கொள்கை. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே தஞ்சைச் சத்திரங்களில் தாய்தந்தையற்ற பிள்ளையிடம் அவ்வினா கேட்கப்பட்டதென்று மன்னர் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு. சோற்றுக்காகவோ மருந்துக்காகவோ அவ்வுபாத்தியாயர் எவரிடமும் கையேந்த வேண்டியதில்லை. சமையற்கட்டு அருகே இருந்தது. வைத்தியரும் அங்கேயே இருந்தார். செலவுக்கு மானிய நிலம் இருந்தது. நம் காலத்து ஆலோசகருக்கு ஒரு பிள்ளையின் பசி தெரியவருகிறது, ஆனால் அரிசி அவர் கையில் இல்லை. நோய் தெரியவருகிறது, மருத்துவர் முப்பது கல் தொலைவில் இருக்கிறார்.

இக்கடிதத்தை எழுதிய சரபோஜியே சிறு வயதில் அத்தகைய ஆதரவை நாடி நின்றவர். 1787-இல் துளஜா மன்னர் மரணப்படுக்கையில் இருந்தபோது, ஏறத்தாழப் பத்து வயதான சரபோஜியைச் சுவீகாரம் எடுத்து, அவனைச் சுவார்ட்ஸ் ஐயரின் கையில் ஒப்புவிக்க விரும்பினார். 1750-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கித் திருச்சியிலும் தஞ்சையிலும் ஊழியஞ் செய்த ஐயர் அப்பொழுது அறுபது வயதைக் கடந்தவர். ஒரு மிஷனெறி இளவரசனின் பாதுகாவலனாக இருப்பது அரண்மனையில் பகை மூட்டும் என்றெண்ணி அவர் தயங்கினார். மன்னரின் சகோதரரான அமரசிங்கிடம் பிள்ளையை ஒப்புவிக்கலாம் என்று அவரே யோசனை கூறினார். அந்த யோசனை பிழையாயிற்று. சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்கள் கூறவே, கம்பெனி அமரசிங்கை அரியணையில் அமர்த்தியது. அரியணைக்கு உரிமை கோரக்கூடிய பிள்ளை அரண்மனைக்குள் பகலொளி புகாத இடத்தில் அடைக்கப்பட்டான்; கல்வியும் மறுக்கப்பட்டது.

நம்முடைய பழைய மிஷன் சரித்திரங்கள் இதற்குப்பின் நடந்ததை ஐயரின் அன்புக்குச் சான்றாகவே எழுதுகின்றன. அன்பு இருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் போதகப் பயிற்சி பெறுவோர் இதனை வேறொரு கோணத்தில் கற்பது நலம். சுவார்ட்ஸ் பிள்ளையை நேரிற் கண்டார். கண்டதை எழுத்தில் வைத்தார். சென்னை அரசாங்கத்துக்குத் தெரிவித்தார். பிள்ளையின் பாதுகாப்புக்குக் காவல் வைக்கச் செய்தார். அதுவும் போதாதென்று கண்டபின், 1793-இல் அவனையும் துளஜாவின் விதவையரையும் தஞ்சையை விட்டே சென்னைக்குக் கொண்டுசெல்ல உதவினார். அங்கே கெரிக்கே ஐயரின் மேற்பார்வையில் அவன் கல்வி தொடர்ந்தது. தாம் முன்னர்க் கூறிய யோசனை தவறாயிற்று என்பது அவரைச் செயலற்றவராக்கவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவர் அரண்மனைச் சம்பளம் வாங்கியவர் அல்லர் என்பது. பிள்ளையை அடைத்துவைத்தவரிடமே மாதந்தோறும் படி பெற்று வாழ்ந்த ஒருவர் அக்கடிதங்களை எழுதியிருப்பாரா?

கம்பெனிக்கும் இதில் தன்னலம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1798-இல் சரபோஜியை அரியணையேற்றிய அதே கை அடுத்த ஆண்டே நாட்டை எடுத்துக்கொண்டது. ஐயர் 1798 பிப்ரவரி 13-இல் மரித்தார். முடிசூட்டு விழாவை அவர் காணவில்லை.

ஐயரைப்பற்றி இன்னுமொரு செய்தி நமக்கு வேண்டும். 1780-களில் ரெசிடெண்ட் ஜான் சல்லிவனின் முயற்சியால் தஞ்சை, இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய இடங்களில் ஆங்கிலப் பள்ளிகள் நிறுவப்பட்டபோது, சுவார்ட்ஸ் அவற்றைப் பொறுப்பேற்று நடத்த உதவினார். பெரும்பாலும் இந்துக் குடும்பங்களின் பிள்ளைகள் பயின்ற அப்பள்ளிகளில் வஞ்சக வழியாக எவரையும் மதத்திற்குள் இழுக்கலாகாது என்பதில் அவர் தெளிவாயிருந்தார். நற்செய்திப்பணியில் அவருக்கு ஆர்வம் குறைவென்று எவரும் சொல்லார். ஆயினும் ஒப்படைக்கப்பட்ட பிள்ளையின் பலவீனமான வேளையைத் தமக்கு வாய்ப்பாக்கிக்கொள்ளலாகாது என்ற எல்லையை அவர் அறிந்திருந்தார். ஆலோசனை அறையில் அழுதுகொண்டு அமர்ந்திருக்கும் பிள்ளையிடம் என்ன பேசலாம், என்ன பேசலாகாது என்று நம் மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்கு நாம் முதலிற் சொல்லும் மறுமொழி இதுவே.

இனி சரித்திரத்தின் மறுபக்கம். பிராமணர் முதல் பறையர் ஈறாக எல்லாச் சாதியாருக்கும் சத்திரத்தில் அன்னம் உண்டு என்று சரபோஜியின் கடிதம் கூறுகிறது. ஒரே பந்தியில் என்று அது கூறவில்லை. அக்கடிதத்திற்கு 136 ஆண்டுகளுக்குப் பின்னர், 1937 டிசம்பர் 28-இல், இதே நீடாமங்கலத்தில் தென்தஞ்சை மாவட்டக் காங்கிரஸ் அரசியல் மாநாடு கூடியது. மாநாட்டை ஒட்டி நடந்த சமபந்தி விருந்தில் அமர்ந்தார்கள் என்பதற்காகத் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர்கள் பின்னர் அடிக்கப்பட்டனர், மொட்டையடிக்கப்பட்டனர், சாணிப்பால் புகட்டப்பட்டனர். ‘விடுதலை’ ஏடு அச்செய்தியை வெளியிட்டு நாடறியச் செய்தது. சோறு வைத்திருந்த ஊரில் அச்சோற்றை உண்ணும் உரிமை எல்லார்க்கும் இருக்கவில்லை. நாமும் இதிற் பெருமை பாராட்ட இடமில்லை. ஆலயத்திற்குள் சாதி வேற்றுமை ஒழியவேண்டுமென்று பிஷப் டேனியல் வில்சன் 1833-இல் கட்டளை அனுப்பியபோது, தஞ்சைச் சபையார் பலர் வேற்றுமையைக் கைவிடுவதைக்காட்டிலும் மிஷனை விட்டு நீங்குவதையே தெரிந்துகொண்டனர்.

பள்ளி ஆலோசகரின் பணிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பாருண்டு. நெருங்கிய தொடர்பு உண்டு. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டத்து நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர் ஒருவரை அவர் பள்ளியின் பிற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினர். காக்கவந்த தங்கையும் காயமுற்றார். அதன்பின் தமிழக அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. 500-க்கு மேற்பட்ட மாணவர் பயிலும் மேனிலைப் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை நியமிக்கவேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. மாணவன் வகுப்பிலே வாய்திறவாமல் அமர்ந்திருப்பதற்குக் காரணம் அவன் மனத்திற்குள் மட்டுமன்று, பெஞ்சு வரிசையிலும் இருக்கக்கூடும் என்பதை அக்குழு உணர்ந்திருந்தது. மனத்தை மட்டும் பார்க்கப் பயின்ற ஆலோசகர் இங்கே பாதிப் பணியையே செய்வார்.

பரிந்துரைகள் நமக்குப் புதியன அல்ல. டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலமைந்த இடைநிலைக் கல்விக் குழு 1952–53-இலேயே பள்ளிகளில் வழிகாட்டும் அலுவலர் வேண்டுமென்றது. கோத்தாரிக் குழு (1964–66) சிக்கனத்தைக் கருதிப் பத்துப் பள்ளிகளுக்கு ஓர் ஆலோசகரேனும் இருக்கட்டும் என்றது. அந்தப் பத்துக்கு ஒருவரும் நம் பகுதிக்கு வந்து சேரவில்லை. ஆசிரியரே அப்பணியையும் பார்த்துக்கொள்வார் என்று விடப்பட்டது.

ஆசிரியரால் அது இயலாதா? சிலரால் இயலும். ஆனால் மதிப்பெண் இடுபவரும் தண்டிப்பவரும் ஆறுதல் கூறுபவரும் ஒருவரேயானால், பிள்ளை தன் தோல்வியை அவரிடம் மறைக்கவே முற்படும். நீடாமங்கலத்திற்கு வடக்கே கும்பகோணத்தில், 1904-இல் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன் என்னும் மாணவன் கணிதத்தில் மூழ்கி ஏனைய பாடங்களைப் புறக்கணித்தான். கல்லூரி ஒழுங்கு அறிந்திருந்த மறுமொழி உதவித்தொகையை நிறுத்துவதே. 1905 ஆகஸ்டில் அவன் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்கு ஓடிப்போனான். அவன் திரும்பி வந்தமையால் உலகம் கணித மேதை ஒருவரைப் பெற்றது. மேதையல்லாத எத்தனையோ பிள்ளைகளும் ஓடிப்போகிறார்கள். அவர்களுடைய பெயர்கள் நமக்குத் தெரியாது.

2004-ஆம் ஆண்டு இப்பகுதி மறக்கவொண்ணாத ஆண்டு. ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 பிள்ளைகள் மாண்டனர். டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோரை வாரிச்சென்றது. அப்பொழுதுதான் பிள்ளைகளின் உள்ளக் காயத்தைக் கேட்க ஆட்கள் கூட்டமாக வந்தனர். பெங்களூர் நிம்ஹான்ஸ் முதலான நிறுவனங்கள் ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி அளித்தன. நல்ல பணி அது. எனினும் நிவாரண நிதி தீர்ந்ததும் அவ்வேற்பாடுகள் பலவும் தேய்ந்து போயின. பிள்ளைகளின் துயரோ நிதியாண்டைப் பார்த்து முடிவதன்று. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்துச் சென்றபின், கடன்பட்ட வீடுகளிலிருந்து பள்ளிக்கு வந்த பிள்ளைகளோடு பேச எத்தனை பள்ளிகளில் ஆள் இருந்தது?

இன்று ஓர் ஆலோசகர் பள்ளிக்குள் நுழைந்தால் எதிர்கொள்வன எவை? நாம் கண்டவற்றிற் சிலவற்றைச் சொல்லலாம். பெயர் கூற வேண்டாத ஒரு பள்ளியில் அவருக்கு அளிக்கப்பட்ட இடம் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே வராந்தாவில் ஒரு மேசை. அங்கே வந்து அமரும் பிள்ளையை உணவு இடைவேளையில் பள்ளி முழுவதும் பார்க்கும். ஆசிரியர் எவரேனும் விடுப்பெடுத்தால் அந்த வகுப்பும் அவருக்கே. தேர்வு வந்தால் கண்காணிப்பும் அவருக்கே. ஒப்பந்த நியமனமாதலால் அடுத்த ஜூனில் தாம் அங்கிருப்போமா என்பது அவருக்கே தெரியாது. பெற்றோரை அழைத்தால், “எங்கள் பிள்ளை பைத்தியமா?” என்ற கேள்வியோடு வருகின்றனர், அல்லது திருப்பூர்ப் பனியன் தொழிற்சாலையில் இருப்பதால் வருவதேயில்லை, பாட்டி வருகிறார். நாள் முழுதும் பிறர் துயரைக் கேட்ட ஆலோசகர் தம் பாரத்தை இறக்கிவைக்க ஒருவருமில்லை. இது கடைசியிற் கூறப்பட்டாலும் சிறிய குறையன்று.

இவற்றைக் காட்டிலும் கடினமானது வேறொன்று. 2012-இல் இயற்றப்பட்ட போக்சோ சட்டப்படி, பதினெட்டு வயதிற்குட்பட்ட பிள்ளைமீது பாலியல் குற்றம் நடந்ததென்று அறிந்தவர் எவராயினும் காவல்துறைக்குத் தெரிவித்தாகவேண்டும், தெரிவியாதிருத்தல் தண்டனைக்குரியது. நிறுவனத் தலைவராயின் தண்டனை மிகுதி. “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று கெஞ்சும் பிள்ளையிடம் ஆலோசகர் எல்லாவற்றையும் இரகசியமாய்க் காப்பதாக வாக்களிக்க இயலாது. எதைக் காக்க முடியும், எதைக் காக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே பிள்ளைக்கு விளங்கும் சொற்களில் கூறுவதே நேர்மை. குற்றஞ்சாட்டப்படுபவர் அதே பள்ளியின் ஆசிரியராகவோ நிர்வாகத்துக்கு வேண்டியவராகவோ இருந்தால், பள்ளியின் நற்பெயரைக் காப்பாற்றுமாறு ஆலோசகரை வற்புறுத்துவார்கள். அவருடைய சம்பளப் பட்டியலில் கையெழுத்திடுபவரே வற்புறுத்துவார்.

இவ்விடத்தில் சாமுவேலின் முதற் புத்தகம் மூன்றாம் அதிகாரம் நம் நினைவுக்கு வருகிறது. இரவில் மூன்று முறை எழுந்தோடி வந்த சிறுவனை ஏலி கடிந்துகொள்ளவில்லை. கூப்பிடுகிறவர் யாரென்று உணர்ந்து, எப்படி மறுமொழி சொல்லவேண்டுமென்று கற்பித்தான். பிரசங்கங்களில் நாம் பெரும்பாலும் அவ்வளவோடு நின்றுவிடுகிறோம். சிறுவன் பெற்ற செய்தியோ ஏலியின் சொந்த வீட்டாருக்கு விரோதமான நியாயத்தீர்ப்பு. மறுநாட் காலையில் சாமுவேல் அதைச் சொல்ல அஞ்சினான். ஏலி அதை மறைக்கவிடாமல் கேட்டு வாங்கினான். தன் குமாரரை அடக்கத் தவறிய அந்தக் கிழவன், தன் வீட்டைக் குற்றஞ்சாட்டும் பிள்ளையின் வாயை மட்டும் அடைக்கவில்லை. ஆசாரியனும் ஆலய விசாரணைக்காரனும் பிள்ளையின் பாதுகாவலனும் ஒருவனேயாக இருந்த அந்த நிலைமை, போதகரே தாளாளராகவும் இருக்கும் நம் சபைப் பள்ளிகளின் நிலைமைக்கு வெகு அருகில் இருக்கிறது.

உச்சநீதிமன்றம் 2025 ஜூலை 25-இல் அளித்த தீர்ப்பொன்று இப்பொருளைப் புதிய நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் பயின்ற மாணவி ஒருவரின் மரணத்தையொட்டி எழுந்த வழக்கு அது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவரைக் கொண்ட கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்திக்கொள்ளவேண்டும். குறைவான மாணவரைக் கொண்டவை வெளியிலுள்ள வல்லுநரோடு முறையான தொடர்பு ஏற்படுத்திக்கொள்ளவேண்டும். ஆசிரியர்க்கும் ஊழியர்க்கும் ஆண்டுக்கு இருமுறையேனும் பயிற்சி அளிக்கவேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. பத்துப் பள்ளிக்கு ஒருவர் என்ற கணக்கிலிருந்து நூறு பிள்ளைகள் கூடுமிடத்தில் ஒருவர் என்ற கணக்குக்கு வந்திருக்கிறோம். பெயருக்கு ஒருவரை நியமித்துப் பதிவேட்டை நிரப்புவது எளிது. வராந்தா மேசை அப்படித்தான் வந்தது.

திருச்சிராப்பள்ளி–தஞ்சாவூர் அத்தியட்சாதீனத்தையும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையையும் சேர்ந்த பள்ளிகள் இந்நாட்டிற் பல உண்டு. அவற்றிற் பணியேற்கப்போகும் நம் மாணவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். முதலாவது, கதவுள்ள ஓர் அறை. உள்ளே இருப்பவர் வெளியே தெரியும்படி கண்ணாடி பதித்த, பேச்சு வெளியே கேளாத கதவு. சிறிய செலவுதான். ஆராதனைக்கு ஒலிபெருக்கி வாங்கிய சபைக்கு இது இயலாததன்று. அடுத்து, ஆலோசகருக்கு மாற்று வகுப்பும் தேர்வுக் கண்காணிப்பும் இல்லை என்று நிர்வாகக் குழு எழுத்தில் தீர்மானிக்கவேண்டும். வாய்மொழி உறுதி முதல் காலாண்டுத் தேர்வோடு மறைந்துபோகும். ஆலோசகரின் குறிப்பேட்டைத் தாளாளரோ போதகரோ கேட்டு வாங்கலாகாது. நாமே ஒருமுறை நல்லெண்ணத்தோடு அவ்வாறு கேட்டு, ஓர் இளம்பெண் பணிவோடு மறுத்தபின்னரே நம் பிழையை உணர்ந்தோம்.

ஆலோசகர் யாருக்குப் பொறுப்புச் சொல்வது என்பதுதான் தீர்க்கக் கடினமானது. ஒரு பள்ளியின் தாளாளருக்கு மட்டும் கட்டுப்பட்டவராயிருந்தால், அரண்மனைச் சம்பளம் வாங்கியவரின் நிலையே அவருக்கு நேரும். பல பள்ளிகள் சேர்ந்து ஒரு பொது நிதியிலிருந்து ஊதியம் அளித்து, அத்தியட்சாதீன அளவில் பள்ளிக்கு வெளியேயுள்ள ஒரு குழுவின் மேற்பார்வையில் அவரை வைப்பது இதற்கு ஒரு வழி. நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள சிறு பள்ளிகளுக்கு இதுவே நடைமுறைக்கு ஏற்றது என்று கருதுகிறோம். திங்கள்தோறும் அனுபவமுள்ள மூத்த ஆலோசகர் ஒருவரிடம் தம் சுமையைப் பேசித் தீர்க்கும் வாய்ப்பையும் அக்குழுவே செய்து தரலாம். வேலூரிலுள்ள கிறிஸ்தவ ஆலோசனை மையம் நெடுங்காலமாகப் பயிற்சியளித்து வருகிறது. நம் இறையியல் மாணவர் சிலர் அங்கே பயின்றிருக்கின்றனர். அவர்கள் திரும்பி வந்ததும் அவர்களை உடனே ஐந்து கிராமச் சபைகளுக்குப் போதகராக்கிவிட்டு, அப்பயிற்சி எங்கே போயிற்று என்று கேட்பதில் பொருளில்லை.

மருந்து தேவைப்படும் பிள்ளைக்கு மருந்துதான் வேண்டும். தஞ்சையிலும் திருவாரூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உள்ளன. அங்குள்ள மனநலப் பிரிவுக்குப் பிள்ளையோடு ஒருவர் கூடச் செல்லவும், பேருந்துக் கட்டணத்திற்கும் ஒரு வேளை உணவுக்கும் சபையின் தரும நிதியிலிருந்து கொடுக்கவும் ஏற்பாடிருந்தால், ஆலோசகரின் கையில் சத்திரத்து உபாத்தியாயருக்கு இருந்ததில் ஒரு பகுதியேனும் இருக்கும். குழந்தைகள் உதவி எண் 1098, கல்வித்துறையின் 14417, மனநல உதவிக்கான 14416 ஆகியவற்றை ஆலய அறிவிப்புப் பலகையில் மட்டுமன்றி, விடுதியின் குளியலறைச் சுவரிலும் எழுதி வைக்கலாம். தனியே நின்று வாசிக்கப் பிள்ளைக்கு அவ்விடமே வசதி.

தஞ்சைக் கோட்டையிலுள்ள சுவார்ட்ஸ் ஆலயத்திற்குச் செல்லும் நம் மாணவர்கள், சரபோஜி தம் குருவுக்காகச் சிற்பி பிளாக்ஸ்மனைக்கொண்டு செய்வித்த சலவைக்கல் நினைவுச் சின்னத்தைக் கண்டிருப்பார்கள். மரணப்படுக்கையிலிருக்கும் ஐயரின் கரத்தை மன்னர் பற்றியிருக்கிறார். கட்டிலருகே பள்ளிப் பிள்ளைகளும் நிற்கின்றனர். அடுத்த முறை செல்லும்போது அப்பிள்ளைகளையும் சற்று நின்று பாருங்கள்.